சுண்ணாம்புப் பாறையில் வழி தேடுவோர்



சுவிற்சர்லாந்தின் மலை என்றதும் எம்மவர் கண்ணில் வருவது பனி மூடிய அல்ப்ஸ் மலைதான். கலண்டரிலும் சொக்கிளேற் பெட்டியிலும் ஊருக்கு அனுப்பும் படங்களிலும் இருப்பது அதுவே. ஆனால் பாசல், சொலத்தூர்ன், ஓல்ரன், பீல் பக்கங்களில் குடியிருக்கும் எங்களைப் போன்ற தொழிற்சாலைத் தமிழர்கள் நாள்தோறும் பார்ப்பது இன்னொரு மலை. அதன் பெயர் யூறா. அல்ப்ஸ் அளவுக்கு உயரமில்லை. பெரும்பகுதி காடு. அந்தக் காட்டுக்கு நடுவே அங்கங்கே வெள்ளையாகவும் சாம்பல் நிறமாகவும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நிற்கும். காலையில் வேலைக்குப் போகும் றெயினின் யன்னலுக்கு வெளியே அவை தெரிந்து மறையும்.

அந்தச் சுவர்களில் மனிதர் ஏறுகிறார்கள். சிலர் அதற்கும் ஒருபடி மேலே போய், இதுவரை எவரும் ஏறாத பாறையைக் காட்டுக்குள் தேடிக் கண்டுபிடித்து, அதில் ஒரு வழி அமைத்து, பின்னால் வரும் முன்பின் தெரியாதவர்களுக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. கைக்காசுதான் செலவாகும். இந்த வேலையை மூன்று வருடங்களாக அருகில் நின்று பார்க்கவும், எங்களால் இயன்ற கையைக் கொடுக்கவும் எங்கள் மூன்று பேருக்கு வாய்ப்புக் கிடைத்தது. புதிதாக இந்நாடுகளில் குடியேறியிருக்கும் குடும்பங்கள் அறிய வேண்டிய சில விடயங்கள் இதில் இருப்பதாக நினைப்பதால் எழுதுகிறோம்.

எப்படி இதற்குள் வந்தோம்?

நாங்கள் மூவரும் ஒரே உலோகத் தொழிற்சாலையில் ஷிப்ற் வேலை செய்பவர்கள். எங்கள் பகுதியின் இயந்திரங்களைச் சரிசெய்து தரும் மெக்கானிக் ஒரு சுவிஸ்காரர். ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் கதைக்காத மனிதர். சனிக்கிழமைகளில் மலைக்குப் போய்ப் புது வழி தேடுவது அவருடைய பழக்கம். ஒருநாள் தேநீர் இடைவேளையில், “பாறைக்கு ஒன்றரை மணித்தியாலம் நடக்கவேண்டும். சாமான்கள் பாரம். உதவிக்கு வருவீர்களா?” என்று கேட்டார். வந்து ஐந்தாறு வருடங்களில் ஒரு சுவிஸ்காரர் எங்களைத் தன்னுடைய ஓய்வுநாளுக்குள் அழைத்தது அதுதான் முதல் தடவை. சம்மதித்தோம்.

வீடுகளில் பெரிய எதிர்ப்பு. “வழக்கு முடிஞ்சு விசா கிடைச்சு ஒரு வருசம்கூட ஆகேல்லை. மலையில விழுந்து சாகவோ இவ்வளவு கடன்பட்டு வந்தனீங்கள்?” என்று எங்களில் ஒருவரின் மனைவி கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதைவிட இன்னொரு தடையும் இருந்தது. அதை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. காடு என்றால் எங்களுக்கு உல்லாசம் அல்ல. 2009இல் வன்னியில் பதுங்கு குழிக்கும் காட்டுக்கும் நடுவே ஓடியவர்கள் எங்களில் இருவர். மற்றவர் ஐரோப்பாவின் இரண்டு எல்லைகளை இரவில் காட்டுவழியாக நடந்து கடந்தவர். ‘காட்டுக்குள் உலாப் போவோம்’ என்று இங்குள்ளவர்கள் சொல்லும்போது எங்களுக்கு வயிற்றைப் பிசையும். இது எங்கள் மூவரின் கதை மட்டுமல்ல, வாசகர்கள் பலருடைய கதையும் இதுதான் என்பதை நாங்கள் அறிவோம்.

அதே கல், வேறு ஊர்

முதல் நாள் பாறையின் கீழ் நின்றபோது எங்களுக்கு ஒரு வியப்பு. அந்தக் கல் எங்களுக்குத் தெரிந்த கல்! யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது அலவாங்கு போட்டு உடைப்பார்களே, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அகழ்ந்தெடுத்தார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்தான்.

கடலில் வாழ்ந்த சிப்பி, சங்கு, பவளம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் ஓடுகள் அடியில் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தப்பட்டு உருவாவது சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்துக் கல்லுக்கு வயது ஒன்றிரண்டு கோடி ஆண்டுகள். யூறாவின் கல் அதற்கு மிக மூத்தது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கும் 14½ கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. 1795ஆம் ஆண்டளவில் ஹம்போல்ட் என்ற ஜேர்மனிய அறிஞர் இதற்கு யூறாச் சுண்ணாம்புக்கல் என்று பெயர் வைத்தார். பின்னர் அந்தக் காலப்பகுதிக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் படத்தில் பார்த்துப் பயப்படும் ‘ஜுராசிக்’ டைனோசர்களுக்கு அந்தப் பெயர் வந்ததும் இந்த மலையால்தான்.

இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லை மெதுவாகக் கரைக்கிறது. அதனால்தான் யாழ்ப்பாணத்தில் மழைநீர் நிலத்துக்கு அடியில் இறங்கிக் கீரிமலையில் ஊற்றாக வருகிறது. அதே காரணத்தால்தான் யூறாவிலும் ஓடைகள் ஓரிடத்தில் நிலத்துள் மறைந்து வேறோரிடத்தில் வெளிவருகின்றன. பாறைச் சுவரிலும் இதே வேலை நடக்கிறது. விரல் போகும் துளை, கை போகும் பொந்து, நீண்ட வெடிப்பு, நகம் மட்டும் பிடிக்கும் விளிம்பு எல்லாம் தண்ணீர் செய்தவை. தூரத்தில் வழுவழுப்பாகத் தெரியும் சுவரில் ஏறுவதற்குப் பிடி இருப்பது இதனால்தான்.

எங்கே தேடுவது?

தேடுதல் வீட்டு மேசையில் தொடங்குகிறது. 1:25,000 அளவிலான சுவிஸ் வரைபடத்தில் பாறைகளைச் சிறு கோடுகளால் வரைந்திருப்பார்கள். மெக்கானிக் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஊர்ப் பெயர்களையும் வாசிப்பார். ஜேர்மன் பேசும் பகுதிகளில் ‘ஃப்ளூ’ என்று முடியும் இடப்பெயர் பாறைச் சுவரைக் குறிக்கும். ‘பால்ம்’ என்று வந்தால் மேலே கூரை போல் நீட்டிய பாறை இருக்கும். அந்தக் காலத்து இடையர்களும் விறகு வெட்டியவர்களும் வைத்த பெயர்கள் இன்றைக்கும் வழி காட்டுகின்றன.

பிறகு கால்நடை. ஏற்ற பருவம் மாரிகாலம். இலைகள் உதிர்ந்திருப்பதால் காட்டுக்குள் மறைந்திருக்கும் பாறை வெளியே தெரியும். லேசாகப் பனி பெய்த மறுநாள் இன்னும் நல்லது. படி போன்ற விளிம்புகளில் மட்டும் பனி தங்கி நிற்பதால் சுவரில் எங்கெங்கே கால்வைக்க இடமுண்டு என்று வெள்ளைக் கோடு போட்டதுபோல் தெரிந்துவிடும். கடும் மழைக்கு அடுத்த நாளும் போகவேண்டும். எந்தப் பகுதி உடனே காய்கிறது, எந்த இடத்தில் நாட்கணக்கில் நீர் கசிகிறது என்பதை அன்றுதான் அறியலாம்.

நிறத்தைப் பார்க்கவும் அவர் கற்றுத் தந்தார். சாம்பல் நிறம் என்றால் மழை அடித்து அடித்து இறுகிய, சொரசொரப்பான பாறை. மஞ்சளும் செம்மஞ்சளும் மழைபடாத பகுதி. சாய்வாக வெளியே தள்ளி நிற்பது. சில இடங்களில் உடையக்கூடியது. கறுப்புப் பட்டை இருந்தால் அது நீர் வழியும் பாதை.

இப்படிப் பார்த்த பாறைகளில் பத்தில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. சில உயரம் காணாது. சிலவற்றின் கீழே நடைபாதை போகிறது. கல் விழுந்தால் ஆபத்து. சில முழுதும் பாசி. முதல் மாரிகாலம் முழுவதும் நடந்து திரிந்து கையில் எதுவும் இல்லாமல்தான் வந்தோம். மெக்கானிக் சலிக்கவில்லை. வரைபடத்தில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு சிறு அடையாளம் போட்டுவைத்தார். “இல்லை என்று தெரிவதும் ஒரு முடிவுதான்” என்பார்.

வல்லூற்றின் வீடு

இரண்டாவது வருடம் ஓர் அருமையான சுவரைக் கண்டோம். தெற்குப் பார்த்தது. நாற்பது மீற்றர் உயரம் இருக்கும். நல்ல சாம்பல் நிறம். எங்களுக்கே கை துறுதுறுத்தது. அவரோ பையிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. தொலைநோக்கியுடன் ஒரு மரத்தடியில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். மாசி மாதக் குளிர். கடைசியில் கையைக் காட்டினார். ஒரு விளிம்பின் கீழே வெள்ளை எச்சம் வழிந்திருந்தது. சற்று நேரத்தில் இரண்டு வல்லூறுகள் அந்த விளிம்பைச் சுற்றி வட்டமிட்டன.

அவர் வரைபடத்தை மடித்தார். “இது அவர்களுடைய வீடு” என்றார். திரும்பிவிட்டோம்.

வழியில்தான் காரணம் சொன்னார். டி.டி.ரி. பூச்சிமருந்து உணவுச் சங்கிலி வழியாக இந்தப் பறவையின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்கும்போதே முட்டை நொறுங்கியது. 1970களின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தில் வல்லூறு அழிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. அம்மருந்து தடைசெய்யப்பட்ட பின்னரே மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அது கூடு கட்டுவது இந்தப் பாறை விளிம்புகளில்தான். மனிதர் அருகில் வந்தால் தாய் எழுந்து பறந்துவிடும், முட்டை குளிர்ந்துவிடும். ஆகவே பல பாறைகளில் மாரிகால முடிவிலிருந்து ஆனி மாதம் வரை ஏறக்கூடாது என்று அறிவித்தல் போட்டிருப்பார்கள்.

ஒரு வருட உழைப்பை ஒரு சோடிப் பறவைக்காக விட்டுவிட்டு வந்த அந்த மனிதரைப் பற்றி அன்றிரவு நாங்கள் நெடுநேரம் கதைத்தோம். வீடு இழப்பது என்றால் என்ன என்று அறிந்தவர்கள் நாங்கள். அதனால் அந்த ஏமாற்றம் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கேட்டுச் செய்வது

மூன்றாவது சுவர்தான் அமைந்தது. ஆனால் உடனே துளையிட முடியாது. இங்கே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது; புதிதாக வந்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1912 முதல் நடைமுறையில் உள்ள சுவிஸ் குடியியல் சட்டத்தின் 699ஆம் பிரிவின்படி, காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் ஊர் வழக்கத்துக்கு உட்பட்டு யாரும் நடக்கலாம். காடு தனியாருடையதாக இருந்தாலும் உலாப் போகிறவரைக் காரணமின்றித் தடுக்க முடியாது. இந்த உரிமை எங்களுக்கும் உண்டு! ஆனால் நடப்பது வேறு, பாறையில் இரும்பு அடிப்பது வேறு. அதற்கு நில உரிமையாளரைக் கேட்கவேண்டும். பாதுகாக்கப்பட்ட இடமென்றால் கன்டோனையும் கேட்கவேண்டும். எங்கள் சுவர் ஊர்ச்சபைக்குச் சொந்தமானது. கடிதம் எழுதி, வனக் காவலரைச் சந்தித்து, நாலு மாதம் காத்திருந்து அனுமதி வந்தது.

தட்டிப் பார்ப்பது

வழி அமைப்பவர் பெரும்பாலும் கீழிருந்து ஏறுவதில்லை, மேலிருந்து இறங்குகிறார். பின்பக்கத்தால் சுற்றி உச்சிக்குப் போய், உறுதியான மரமொன்றில் கயிறு கட்டி, கூரான விளிம்பில் கயிறு உராயாதபடி துணி வைத்து, மெதுவாக இறங்குவார். கையில் சுத்தியல். ஒவ்வொரு பிடியையும் தட்டுவார். உறுதியான கல் கணீரென்று ஒலிக்கும். பின்னால் வெடிப்பு உள்ள கல் பானையைத் தட்டியதுபோல் ‘டொப்’ என்று கேட்கும். அப்படிப்பட்ட கல்லைச் சிறு அலவாங்கால் நெம்பிக் கீழே விழுத்திவிட வேண்டும். கீழே நிற்கும் எங்களுக்கு அந்தப் பக்கம் எவரும் வராமல் காவல் காக்கும் வேலை. “ஷ்டைன்!” என்று சத்தம் வரும். ஜேர்மன் மொழியில் கல் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு கம்பி பிறஷ்ஷால் மண்ணும் பாசியும் நீக்குவார். தேவைக்கு மேல் ஒரு செடியும் பிடுங்கமாட்டார். பிடி இல்லாத இடத்தில் உளியால் பிடி வெட்டவும் மாட்டார். இன்றைக்கு எங்களால் ஏற முடியாவிட்டால், நாளைக்கு ஏறக்கூடிய ஒருவர் பிறப்பார். அவருக்குரியதை நாங்கள் கெடுக்கக்கூடாது என்பது இத்துறையில் பலரும் மதிக்கும் ஒழுங்கு.

ஊரில் பனை ஏறும் தொழிலாளி தினமும் காலையில் தளநாரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் கால் வைப்பார். உயரத்தில் வேலை செய்பவனுக்கு வீரத்தைவிடச் சோதித்துப் பார்க்கும் பழக்கம்தான் உயிர் காக்கும் என்பதை எம்மவர் முன்பே அறிந்திருக்கிறார்கள்.

துளையும் போல்ற்றும்

இந்த இடத்தில் எங்கள் தொழில் அறிவு உதவியது. பற்றறியில் இயங்கும் டிறில் மெஷினால் பாறைக்கு நேர் செங்குத்தாகத் துளையிட வேண்டும். நாங்கள் பாவித்தது 12 மில்லிமீற்றர் தடிப்பான கறையில்லாத உருக்கு போல்ற். துளைக்குள் தூசி நின்றால் போல்ற் முழுமையாகப் பிடிக்காது. ஆகவே பிறஷ்ஷால் துடைத்து, பம்பால் ஊதி, மறுபடி துடைத்து, மறுபடி ஊதவேண்டும். தொழிற்சாலையில் துளைக்குள் சீவல் நின்றால் பொருள் கழிவுத் தொட்டிக்குப் போகும். இங்கே மனித உயிர் போகும். போல்ற் ஓர் உலோகமும் அதில் மாட்டும் தகடு வேறோர் உலோகமுமாக இருக்கக்கூடாது. ஈரத்தில் விரைவில் அரித்துவிடும். ஐரோப்பியத் தரப்படி ஒரு நங்கூரம் பக்கவாட்டு இழுவையில் 25 கிலோநியூட்டன் தாங்கவேண்டும். அதாவது ஏறக்குறைய இரண்டரைத் தொன்.

எந்த இடத்தில் போல்ற் அடிப்பது என்பதுதான் பெரிய கேள்வி. முதலாவது போல்ற்றுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி கூடினால் விழுபவர் நிலத்தில் மோதுவார். மெக்கானிக் ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய கைக்கு எட்டுவது எல்லோருக்கும் எட்டாது. ஆகவே பயிற்சி மண்டபத்தில் கயிற்று வேலை பழகிய பிறகு எங்களில் கட்டையானவரைக் கயிற்றில் தொங்கவைத்து, “உனக்கு எட்டுகிறதா? உன் மகளுக்கு எட்டுமா?” என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வோர் இடத்தையும் குறித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துளையிடுவதில்லை. அது இங்கே அமைதி நாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

உலகில் இதன் கதை

எங்கள் மெக்கானிக் செய்வது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. இடைவேளைகளில் அவர் சொன்ன கதைகளில் சிலவற்றை இங்கே தருகிறோம்.

பிரான்சின் தெற்கே வெர்டோன் என்ற ஆறு சுண்ணாம்புக்கல்லை அறுத்து, இடத்துக்கு இடம் 700 மீற்றர் ஆழமான பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்கிறது. 1905இல் மார்ட்டெல் என்ற ஆய்வாளர் குழுவொன்றுடன் அதற்குள் புகுந்து ஆராய்ந்தார். அதன் பெரும் சுவர்களில் ஒன்றை 1968இல் கோக்குனியோ, கியோ என்ற இரு பிரெஞ்சுக்காரர் ஏறி முடித்தனர். அதற்குப் பின் வந்தவர்கள்தான் அங்கே மேலிருந்து கயிற்றில் இறங்கி வழி தேடும் முறையைப் பரவலாக்கினார்கள்.

ஜேர்மனியில் குர்ட் அல்பேர்ட் என்பவர் 1975இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். இரும்பைப் பிடித்துத் தொங்காமல், கைகால்களால் மட்டும் ஏறி முடித்த வழியின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். கயிறும் இரும்பும் விழுந்தால் காப்பதற்கு மட்டுமே. இன்று உலகெங்கும் இந்த முறையைச் ‘சிவப்புப் புள்ளி’ என்றே அழைக்கிறார்கள்.

பிரான்சின் செயூஸ் பாறையில் 1989இல் லபாய் என்பவர் ஒரு வழிக்குப் போல்ற் அடித்தார். அதை முழுதாக ஏறி முடித்தவர் அமெரிக்கரான கிறிஸ் ஷார்மா, ஆண்டு 2001. அடித்தவருக்கும் ஏறியவருக்கும் இடையில் பன்னிரண்டு வருடம்!

எங்களை மிகவும் தொட்டது கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவின் கதை. கடலடியில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுப்பது அத்தீவின் பரம்பரைத் தொழில். அந்தத் தொழில் நலிந்தது. 1986 முதல் கடற்பஞ்சில் நோய் பரவி இன்னும் மோசமானது. பலர் அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் புலம்பெயர்ந்தார்கள். 1996இல் விடுமுறைக்கு வந்த இத்தாலியரான அந்திரேயா டி பாரி, ஊரார் பயனில்லை என்று விட்டிருந்த சுண்ணாம்புப் பாறைகளை அண்ணாந்து பார்த்தார். அடுத்த வருடம் நண்பர்களுடன் திரும்பி வந்து முதல் வழிகளை அமைத்தார். இன்று அங்கே 3,000க்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் ஏறுவோர் வந்து தங்குவதால் பல குடும்பங்கள் ஊரிலேயே பிழைக்கின்றன.

பெயர் வைத்தல்

முதலில் வழி அமைத்தவர் அதற்குப் பெயர் வைப்பது இத்துறையின் வழக்கம். எங்கள் சுவரில் இதுவரை ஐந்து வழிகள் முடிந்துள்ளன. மூன்றாவது வழியின் நடுவே ஒரு பொந்து உண்டு. கையை முழுதாக விட்டாலும் முடிவு தட்டுப்படாது. அதற்கு நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கள் என்றார் மெக்கானிக். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மூவர் வாயிலும் ஒரே பெயர்: நிலாவரை. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ள, அடிகாண முடியாது என்று ஊரார் சொல்லும் அந்தக் கிணற்றைப் பற்றி விளக்கினோம். அவர் தன் கொப்பியில் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்த நாட்டில் எங்கள் பெயர்களைப் பிழையாக எழுதாமல் கேட்டு எழுதியவர்கள் குறைவு.

எங்கள் குடும்பங்களுக்கு

பிள்ளைகளைப் பாடசாலையில் பாறை ஏறக் கூட்டிப்போகிறார்கள் என்றதும், “வேண்டாம், காய்ச்சல் என்று கடிதம் கொடுப்போம்” என்று சொல்லும் பெற்றோரை எங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். இங்குள்ளவர்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். 1863இல் ஓல்ரனில் தொடங்கிய சுவிஸ் அல்ப்ஸ் சங்கம் 1907 முதல் பெண்களைச் சேர்க்கவில்லை. பெண்கள் 1918இல் தமக்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள். 1980இல்தான் இரண்டும் ஒன்றாயின.

மறுப்பதற்கு முன் சில விடயங்களை விசாரியுங்கள். ஆசிரியர் பயிற்சி பெற்றவரா? ஹெல்மெற் தருகிறார்களா? ‘யூகென்ட் உண்ட் ஸ்போர்ட்’ என்ற அரசாங்கத் திட்டத்தின் கீழ் பிள்ளைகளுக்குப் பாறை ஏறும் பயிற்சிகள் நடக்கின்றன. முதலில் மண்டபத்தில் பழகட்டும். தனியே கயிறு கட்டிப் பார்ப்பதற்கு மட்டும் எவரையும் விடாதீர்கள்.

காட்டுக்குப் போனால் நீளக் காற்சட்டை போடுங்கள். வீடு வந்ததும் பிள்ளைகளின் உடலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி பற்றி டொக்டரிடம் கேளுங்கள். மலையில் விபத்து நேர்ந்தால் 1414ஐ அழைத்தால் மீட்பு ஹெலிகொப்டர் வரும். ஒரு முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. ஆபத்தான விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று அந்தக் கடதாசியையும் எடுத்து வாசியுங்கள்.

அன்று கோபப்பட்ட அந்த மனைவி இந்த வருடம் வைகாசியில் பிள்ளைகளோடு சுவரடிக்கு வந்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எட்டு வயது மகள் கயிற்றில் ஏறி நான்காவது போல்ற்றைக் கையால் தொட்டுவிட்டு இறங்கினாள். தாய் கீழே நின்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகள் நிலத்தில் கால் வைத்த பிறகு, “அடுத்த சனிக்கிழமையும் வாறதோ?” என்று மட்டும் கேட்டார்.

ஆறாவது வழிக்கான இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறோம். இலை உதிரட்டும் என்று காத்திருக்கிறோம். சுமை தூக்க ஆட்கள் வேண்டும். அக்கம்பக்கத்தில் இருக்கும் இளைஞர்கள் விரும்பினால் வரலாம்.